பச்சை மரப் பைத்தானா, மரகதப் போவாவா? வளர்க்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளையின் மேல் உடலை வளையம் வளையமாகப் போட்டு, நடுவில் தலையை வைத்தபடி அசையாமல் கிடக்கும் பச்சைப் பாம்பின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அது பச்சை மரப் பைத்தானாக இருக்கலாம், மரகத மரப் போவாவாகவும் இருக்கலாம். படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கூண்டுக்கு வந்தபின் இரண்டுக்கும் ஒரே வளர்ப்புமுறை செல்லாது. எந்தெந்த இடத்தில் வேறுபடுகின்றன, அதில் எது உங்களுக்கு ஒத்துவரும் என்பதைத்தான் கீழே பார்க்கிறோம். சுருக்கமாகப் பைத்தான், போவா என்றே எழுதுகிறோம்.

இரண்டும் ஒரே இனத்தின் இரு வகைகளா?

இல்லை, நெருங்கிய உறவுகூடக் கிடையாது. பைத்தான் (மொரேலியா விரிடிஸ்) மலைப்பாம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. நியூ கினி, அதைச் சுற்றிய பியாக், ஆரு போன்ற தீவுகள், ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் முனை ஆகியவை அதன் காடுகள். போவா (கொராலஸ்) தென் அமெரிக்க மழைக்காட்டுக்கு உரியது. ஒரே மாதிரி இலைச்செறிவில், ஒரே மாதிரி இரவு வேட்டைக்குத் தகவமைந்ததால் உருவம் ஒன்றுபோல் ஆகிவிட்டது. பைத்தான் முட்டையிடும், போவா குட்டி போடும். இந்த ஒரு வேறுபாடே அவை எவ்வளவு தூரத்துச் சொந்தம் என்பதைச் சொல்லிவிடும்.

விற்பவர் சொல்வதை நம்பாமல் நானே எப்படி அடையாளம் காண்பது?

முதுகைப் பார்க்காதீர்கள், உதட்டைப் பாருங்கள். இரண்டுக்கும் உதட்டோரம் வெப்பத்தை உணரும் குழிகள் உண்டு. பைத்தானுக்கு அவை உதட்டுச் செதிலின் உள்ளேயே இருக்கும், சிறியவை. போவாவுக்கு இரண்டு செதில்களுக்கு இடையே ஆழமான பிளவுகளாக, மேலுதடு கீழுதடு இரண்டிலும் வரிசையாகத் தெரியும். ஓரடி தள்ளி நின்றாலே எண்ணிவிடலாம்.

அடுத்து தலை. போவாவின் தலை பெரியது, மூக்குப்பகுதி நாயின் முகம்போலத் தடித்திருக்கும். அதன் அறிவியல் பெயரில் உள்ள 'கனைனஸ்' வந்ததும் அதனால்தான். பைத்தானின் தலை அதைவிடச் சிறியது, உச்சியில் பொடிப்பொடியான செதில்கள். முதுகில் வெள்ளை நிறம் மின்னல் கீற்றுபோலவோ முக்கோணமாகவோ குறுக்கே ஓடினால் பெரும்பாலும் போவா. முதுகெலும்பு நெடுக வெள்ளை, மஞ்சள் அல்லது நீலச் செதில்கள் சிதறியிருந்தால் பைத்தான். ஆனால் நிறத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வந்தால் ஏமாறுவீர்கள், இரண்டிலும் விதிவிலக்குகள் ஏராளம்.

மரப்பாம்பு வளர்ப்பது இதுதான் முதல்முறை. எது சரி?

பைத்தான். அதுவும் மனிதப் பராமரிப்பில் பிறந்து, தொடர்ந்து இரை எடுத்துக்கொண்டிருக்கும் ஒன்று. சாந்தமான பாம்பு என்பதால் இப்படிச் சொல்லவில்லை. நம் தவறை ஓரளவு பொறுத்துக்கொள்ளும் என்பதால்தான். வெப்பம் ஒரு நாள் இரண்டு டிகிரி குறைந்தாலும், இரை கொஞ்சம் பெரிதாகிவிட்டாலும், ஈரப்பதம் ஒரு வாரம் தாழ்ந்தாலும் பைத்தான் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். போவாவிடம் அதே தவறு இரையைக் கக்குவதில் முடியும். ஒருமுறை கக்கிய போவாவைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மாதக்கணக்கில் ஆகலாம்.

இதற்கு முன் பாம்பே வளர்த்ததில்லை என்றால் இரண்டுமே வேண்டாம். தரையில் வாழும், எளிதாக இரை எடுக்கும் ஒரு பாம்பை ஓராண்டு வளர்த்துவிட்டு வாருங்கள்.

போவாவிலேயே இரண்டு வகை என்கிறார்களே?

ஆமாம். 2009-இல் வந்த வகைப்பாட்டுத் திருத்தத்துக்குப் பிறகு இவை இரண்டு தனி இனங்கள். கயானா பீடபூமிப் பகுதியில் வாழ்வது கொராலஸ் கனைனஸ். இதை வளர்ப்பாளர்கள் 'வடக்குப் போவா' என்பார்கள். அமேசான் படுகையில் வாழ்வது கொராலஸ் பேட்சியை, அதாவது 'படுகைப் போவா'. படுகைப் போவாவுக்கு முதுகின் நடுவே வெள்ளைக்கோடு நீளமாக ஓடும், மூக்கின் மேல் செதில்கள் சிறிதாக நிறைய இருக்கும். வடக்குப் போவாவுக்கு நடுக்கோடு இருக்காது அல்லது விட்டுவிட்டு வரும், மூக்குச் செதில்கள் பெரிதாகச் சிலவே இருக்கும். படுகைப் போவா உருவத்தில் பெரியது, 2 மீட்டரைத் தாண்டுவதுண்டு. கையாள அதுவே சற்றுப் பொறுமையானது என்று பெயர். வடக்குப் போவா கொஞ்சம் சிடுசிடுப்பு.

பைத்தானிலும் ஊர்வாரியாகப் பெயர்கள் புழங்குகின்றன: ஆரு, பியாக், சோரோங், ஜெயபுரா, மெரௌகே என்று. பியாக் நீளமாக வளரும், மஞ்சள் திட்டுகள் வயதான பிறகும் தங்கும், கடிப்பதில் பெயர் பெற்றது. ஆரு முதுகில் வெள்ளையும் நீலமும் கொண்டது, ஒப்பீட்டளவில் அமைதியானது. 2020-இல் வடக்கு நியூ கினிப் பாம்புகளை மொரேலியா அசூரியா என்று தனி இனமாகப் பிரித்திருக்கிறார்கள். ஆகவே பழைய விற்பனைச் சீட்டுகளில் பெயர் மாறியிருந்தால் குழம்ப வேண்டாம். பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றே.

வளர்ந்த பாம்புக்கு எவ்வளவு பெரிய கூண்டு?

பைத்தான் பொதுவாக 1.2 முதல் 1.8 மீட்டர் வரை வளரும். அதற்கு 90 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம் போதும். போவாவுக்கு 120 நீளம், 60 அகலம், 75 உயரம் என்று தொடங்குங்கள். மரத்தில் வாழ்வது என்றதும் ஆளுயரக் கூண்டு செய்பவர்கள் உண்டு. அது தேவையில்லாத வேலை. இந்தப் பாம்புகள் கிடைக்கும் இடத்தில் மிக உயரமான கிளையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். உயரம் கூடக்கூட மேலே வெப்பம் தேங்கும், கீழே குளிரும். பாம்பு உயரத்தை விட்டுக்கொடுக்காமல் வெந்துகொண்டே இருக்கும். பக்கவாட்டு நீளம் இருந்தால்தான் ஒரே உயரத்தில் சூடான முனை, குளிர்ந்த முனை என்று இரண்டையும் கொடுக்க முடியும்.

குட்டிகளுக்கு இந்த அளவு வேண்டாம். 30 செ.மீ. கனசதுரப் பெட்டி போதும். பெரிய இடத்தில் விட்டால் இரையைக் கவனிக்காது, நீங்களும் அதன் எச்சத்தைக் கவனிக்க மாட்டீர்கள்.

கிளை எப்படி அமைக்க வேண்டும்? கண்ணில் கிடைக்கும் குச்சியை வைத்தால் போதாதா?

போதாது. பாம்பு வாழ்நாளில் பெரும்பகுதியை இந்தக் குச்சியின் மேல்தான் கழிக்கப்போகிறது. கூண்டில் மற்ற எதற்கும் முன் இதில் கவனம் வையுங்கள்.

தடிமன்: பாம்பின் உடல் எங்கே அதிகப் பருமனோ, அந்த அளவு தடிமன் உள்ள கிளை ஒன்று கட்டாயம். அதோடு அதைவிட மெல்லியதாக ஒன்று, பாதி தடிமனில் ஒன்று. தேர்ந்தெடுக்கப் பாம்புக்கு வாய்ப்பு இருக்க வேண்டும். மிகத் தடித்த கிளையில் அது பிடிமானம் இல்லாமல் நழுவும். மிக மெல்லியதில் உடல் எடை முழுதும் ஒரே இடத்தில் அழுந்தும்.

கிடைமட்டம்: சாய்வாக வைத்த கிளையை ஏற மட்டுமே பயன்படுத்தும், உட்காராது. குறைந்தது இரண்டு கிளைகளாவது நேர் கிடையாக, ஒரே உயரத்தில், ஒன்று சூட்டுப் பக்கமும் மற்றொன்று குளிர்ந்த பக்கமும் இருக்கட்டும். கூரையிலிருந்து 20 செ.மீ. இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் வெப்பத்தகட்டில் முதுகை உரசிக்கொண்டு கிடக்கும்.

கழற்றக்கூடியது: இதைப் பலர் தாமதமாகத்தான் கற்றுக்கொள்கிறார்கள். கிளையின் இரு முனைகளும் பக்கச் சுவரில் பதித்த 'யு' வடிவத் தாங்கிகளில் சும்மா உட்கார்ந்திருந்தால், பாம்பைத் தொடாமலேயே கிளையோடு தூக்கி வெளியே வைத்துவிடலாம். கூண்டைக் கழுவ, எடை பார்க்க, மருத்துவரிடம் கொண்டுபோக எல்லாவற்றுக்கும் இது ஒன்றே வழி. கிளையை ஆணி அடித்து நிரந்தரமாக்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் பாம்பைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். அதில்தான் வாலெலும்பு முறிகிறது.

மரக்கிளை வைத்தால் இயற்கையாக இருக்கும், ஆனால் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், ஓராண்டில் மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் குழாய் கழுவ எளிது, ஆனால் வழுக்கும். மேற்பரப்பை மணல்தாளால் சொரசொரப்பாக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

வெப்பம் எத்தனை டிகிரி?

பைத்தானுக்குச் சூடான கிளையில் 30–31 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த முனையில் 25–26, இரவில் 23–24. போவாவுக்கு ஒரு படி குறைவு: சூடான கிளை 29–30, குளிர்ந்த முனை 24–25, இரவு 22–23. போவாவைப் பைத்தானின் சூட்டில் வைத்தால் எப்போதும் கூண்டின் குளிர்ந்த மூலையில் ஒதுங்கும், தண்ணீர்க் கிண்ணத்தருகே தலையைத் தொங்கவிடும். அது ஓய்வு அல்ல, சூடு தாங்காமல் ஒதுங்குகிறது. 33-ஐத் தாண்டிய கூண்டில் இரண்டையுமே விட்டுவைக்காதீர்கள்.

வெப்பம் மேலிருந்து வர வேண்டும். கூரையில் பதிக்கும் கதிர்வீச்சுத் தகடு நல்லது. பீங்கான் வெப்பக்குமிழ் என்றால் அதைச் சுற்றிக் கம்பிக்கூடு கட்டாயம், ஏனென்றால் இவை எதையும் சுற்றிப் பிடிக்கும். தரைக்கு அடியில் வைக்கும் சூட்டுப்பாய் இவற்றுக்குப் பயனில்லை, கீழே இறங்குவதே அரிது. எந்தச் சாதனம் ஆனாலும், வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மின்சாரத்தில் செருகாதீர்கள். அதன் உணர்முனையைப் பாம்பு உட்காரும் கிளையின் மட்டத்தில் கட்டுங்கள். தரையில் கிடக்கும் உணர்முனை 26 காட்டும்போது மேலே கிளையில் 35 இருக்கும். கூண்டுக்குள் நடக்கும் வெப்ப விபத்துகளில் பாதி இப்படித்தான்.

ஈரப்பதம்?

பைத்தானுக்கு 50 முதல் 80 சதவீதம் வரை ஏறி இறங்கலாம். ஏறி இறங்க வேண்டும் என்றே சொல்லலாம். மாலையில் தெளித்து, மறுநாள் மதியத்துக்குள் இலைகளும் தரையும் காய்ந்திருக்க வேண்டும். போவாவுக்கு 65 முதல் 85. இங்கும் காற்றோட்டம் இல்லாத ஈரம் நஞ்சு. கண்ணாடி நாள்முழுக்க வியர்த்திருந்தால் வயிற்றுச் செதில்களில் கொப்புளம் வரும், மூச்சுக்குழாயில் சளி கட்டும். காற்றுத் துளையை அடைத்து ஈரப்பதத்தைக் கூட்டாதீர்கள். தெளிக்கும் தடவையைக் கூட்டுங்கள்.

தண்ணீர்க் கிண்ணம் வைத்தாலும் பலவும் அதைத் தொடாது. உடல் வளையத்தில் தேங்கும் நீர்த்துளியைத்தான் நக்கிக் குடிக்கும். ஆகவே தெளிக்கும்போது பாம்பின் மேலும் விழட்டும், ஒரு நிமிடம் நின்று அது குடிக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வளையங்களுக்கு இடையே தோல் மடிப்பு மடிப்பாகத் தெரிந்தாலோ, சட்டை துண்டு துண்டாக உரிந்தாலோ தண்ணீர் பற்றவில்லை என்று அர்த்தம்.

இரை எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை?

இங்கேதான் இரண்டும் நன்றாகப் பிரிகின்றன.

பைத்தான் குட்டிக்கு, கண் திறக்காத சுண்டெலிக் குஞ்சு ஒன்று, 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை. ஓராண்டைத் தாண்டியதும் 10 முதல் 14 நாள். வளர்ந்த ஆணுக்கு 3 வாரம், பெண்ணுக்கு 2 முதல் 3 வாரம். இரையின் பருமன் பாம்பின் தடித்த பகுதியைத் தாண்டக் கூடாது. விழுங்கியபின் லேசான புடைப்பு தெரிந்தால் போதும்.

போவாவின் செரிமானம் மெதுவானது. குட்டிக்கு 10 முதல் 14 நாள், வளர்ந்ததற்கு 3 முதல் 5 வாரம். இரை உடலின் பருமனைவிடச் சற்று மெல்லியதாகவே இருக்கட்டும். பசியோடு தலையைத் தொங்கவிட்டு வேட்டை நிலையில் தினம் நிற்கும். பார்க்கப் பாவமாக இருக்கும். அந்தப் பாவத்தை நம்பிக் கொடுத்தால்தான் அடுத்த கேள்வியில் வரும் சிக்கல். இரவில் தொங்குவது அதன் இயல்பான உட்காரும் முறை, பட்டினியின் அறிகுறி அல்ல.

உறையவைத்த எலியைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்து உருக்கி, பின் வெந்நீரில் நெகிழிப் பையோடு அமிழ்த்தி 38–40 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். இவை கண்ணைவிட வெப்பக்குழியை நம்பி வேட்டையாடுபவை. எலியின் தலைப்பகுதி அதன் உடலைவிடச் சூடாக இருந்தால் பாம்பு சரியான இடத்தில் பிடிக்கும். விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, 40 செ.மீ. நீளமுள்ள இடுக்கியால் கொடுங்கள். இடுக்கி குட்டையாக இருந்தால் உங்கள் கையும் அதற்குச் சூடான இரைதான்.

இரையைக் கக்கிவிட்டது. என்ன செய்ய?

முதலில், உடனே மறுபடி கொடுக்காதீர்கள். பசித்திருக்குமே என்று மறுநாள் கொடுப்பதுதான் மிகப் பெரிய தவறு. கக்கும்போது வயிற்றின் அமிலமும் செரிமானச் சுரப்புகளும் சேர்ந்தே போய்விடுகின்றன, உணவுக்குழாயும் புண்ணாகிறது. அவை மீள நாள் வேண்டும்.

பைத்தானுக்கு 2 வாரம், போவாவுக்கு 4 வாரம் முழு ஓய்வு. தண்ணீர் மட்டும். அந்த இடைவெளியில் காரணத்தைத் தேடுங்கள்: இரவில் வெப்பம் எவ்வளவு இறங்கியது, இரை உள்ளே முழுதாக உருகியிருந்ததா, விழுங்கிய சில நாள்களுக்குள் யாராவது கையில் எடுத்தார்களா, இரை பெரிதா. ஓய்வுக்குப் பின் வழக்கமான இரையில் பாதிக்கும் குறைவான அளவில் ஒன்று. அது தங்கினால் 3 வாரம் கழித்து அதே அளவில் இன்னொன்று. மூன்று முறை தங்கிய பிறகே பழைய அளவுக்குப் போகலாம்.

இரண்டாவது முறையும் கக்கினால் கூண்டில் காரணம் தேடுவதை நிறுத்திவிட்டு, எச்சத்தையும் கக்கிய பொருளையும் எடுத்துக்கொண்டு ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். குடற்புழு, கிரிப்டோஸ்போரிடியம் (செரிமானப் பாதையைத் தாக்கும் நுண் ஒட்டுண்ணி) ஆகியவற்றுக்குப் பரிசோதனை கேளுங்கள். காட்டில் பிடித்த போவாவில் இந்தச் சிக்கல் அதிகம்.

மூன்று வாரமாகச் சாப்பிடவில்லை. பயப்பட வேண்டுமா?

வளர்ந்த பாம்பு, எடை குறையவில்லை என்றால் வேண்டாம். பைத்தான் ஆண்கள் இனப்பெருக்கக் காலத்தில் மாதக்கணக்கில் இரை மறுக்கும். சட்டை உரிக்கப்போகும்போதும் மறுக்கும். சமையல் தராசில் மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதிவையுங்கள். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அப்போது கவலைப்படலாம். குட்டிகள் வேறு கதை. பிறந்து முதல் இரை எடுக்காத குட்டியை வாங்கவே கூடாது. குறைந்தது ஐந்து இரையாவது எடுத்த பதிவைக் கேட்டு வாங்குங்கள்.

பல வாரமாக எச்சமே இல்லை. மலச்சிக்கலா?

பைத்தான் ஒரு மாதம் அடக்கிவைப்பது சாதாரணம். போவா இரண்டு, மூன்று மாதம்கூட வைத்திருக்கும். ஆனால் வாலருகே உடல் கெட்டியாக வீங்கியிருந்தாலோ, மூன்று இரை உள்ளே போயும் எதுவும் வெளியே வரவில்லை என்றாலோ நான்காவதைக் கொடுக்காதீர்கள். கிளையோடு எடுத்து, 28 டிகிரி தண்ணீர் இரண்டு விரல் ஆழத்துக்கு உள்ள மூடிய தொட்டியில் அரை மணி நேரம் விடுங்கள். ஏறி இறங்கி அசைந்தாலே பெரும்பாலும் வந்துவிடும். அசைவில்லாத குட்டைக் கூண்டும் அளவுக்கு மிஞ்சிய இரையும் சேர்ந்தால் குடல் வெளித்தள்ளும். பைத்தானில் இதை அடிக்கடி பார்க்கலாம். வெளியே வந்த சிவந்த சதையைக் காயவிடாமல் சுத்தமான ஈரத்துணியால் மூடி, அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கையால் உள்ளே தள்ள முயலாதீர்கள்.

கையில் எடுத்துப் பழக்க முடியுமா?

அளவோடு. இவை இரண்டுமே பார்த்து ரசிக்கும் பாம்புகள். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் என்றால் நல்ல குணமுள்ள பைத்தான் பொறுத்துக்கொள்ளும். போவாவுக்கு அதுவும் அதிகம். இரை எடுத்தபின் பைத்தானை 4 நாளும், போவாவைக் குறைந்தது 8 நாளும் தொடாதீர்கள். பகலில், அது தூங்கும் வளையத்தில் இருக்கும்போது எடுங்கள். இரவில் எதையும் இரை என்றே பார்க்கும்.

குட்டிப் பைத்தானை நிறம் மாறும்வரை கையில் எடுக்காதிருப்பதே நல்லது. அதன் வாலெலும்பு மிக மென்மையானது. கிளையைப் பற்றிய வாலைப் பிடித்து இழுத்தால் எலும்பு மடங்கும், நிரந்தரமாக முடிச்சு விழும், பிறகு எச்சம் வெளியேறுவதே சிக்கலாகும். பாலினம் அறியக் கழிவுத் துளைக்குள் கம்பி நுழைத்துப் பார்ப்பதையும் 18 மாதம் வரை தள்ளிப்போடுங்கள்.

கழற்ற முடியாத கிளை என்றால் பாம்பை முன்பக்கத்திலிருந்து இழுக்காமல், ஒரு கொக்கியை முதல் வளையத்துக்கு அடியில் கொடுத்துத் தூக்கி, மற்ற கையால் வாலைக் கிளையிலிருந்து ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்துவிடுங்கள். வால் கடைசியாக வரட்டும்.

கடித்தால்?

இரண்டுக்கும் நஞ்சு இல்லை. ஆனால் போவாவின் முன்பற்கள் மிக நீளமானவை. நஞ்சில்லாத பாம்புகளில் இவ்வளவு நீளமான பல் அரிது. பைத்தான் கடி முள்வேலியில் உரசியதுபோல இருக்கும். போவா கடி ஆழமாக இறங்கும், நிறைய இரத்தம் வரும், விரல் மூட்டில் பட்டால் தையல்கூடத் தேவைப்படலாம்.

பிடித்துக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். பற்கள் பின்னோக்கி வளைந்தவை, இழுத்தால் சதை கிழியும், பல் உள்ளே முறியும். தலையைப் பிடித்து மெல்ல முன்னோக்கித் தள்ளி, பற்களை விடுவித்தபின் எடுங்கள். விடவில்லை என்றால் குளிர்ந்த நீரை முகத்தில் ஓட விடுங்கள். காயத்தைச் சோப்புப் போட்டுப் பத்து நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள், பல் துணுக்கு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு நாளில் சிவந்து வீங்கினால் மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் சிறு குழந்தைகள் கூண்டைத் திறக்கும் வயதில் இருந்தால் போவா வேண்டாம். பூட்டு போட்ட கூண்டு என்றாலும் யோசியுங்கள்.

குட்டி மஞ்சளாகவும் சிவப்பாகவும் இருக்கிறதே?

பைத்தான் குட்டி எலுமிச்சை மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ பொரியும். ஆறு மாதத்துக்குப் பிறகு, சிலவற்றில் ஓராண்டு கழித்துப் பச்சை ஏறும். சிலவற்றில் சில வாரத்தில் முடிந்துவிடும், சிலவற்றில் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். போவாக் குட்டி செங்கல் சிவப்பிலோ ஆரஞ்சிலோ பிறக்கும், சில பச்சையாகவே பிறப்பதும் உண்டு. பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள் மாறிவிடும். சிவப்பு நிறத்துக்கு ஆசைப்பட்டு வாங்குபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அந்த நிறம் தங்காது.

காட்டில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா என்று ஏன் எல்லோரும் கேட்கிறார்கள்?

எந்த இனம் என்பதைவிட இந்தக் கேள்விதான் முக்கியம். காட்டில் பிடித்த பாம்பு புழுக்களோடும் நீரிழப்போடும் பயணக் களைப்போடும் வரும். 'பண்ணையில் பிறந்தது' என்ற சீட்டையும் அப்படியே நம்ப முடியாது. இந்தோனேசியாவிலிருந்து ஆண்டுதோறும் ஏற்றுமதியாகும் பச்சை மரப் பைத்தான்களில் குறைந்தது 80 சதவீதம் காட்டில் பிடிக்கப்பட்டு, பண்ணைப் பெயரில் அனுப்பப்பட்டவை என்று 2011-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது.

ஆகவே பெற்றோரைக் காட்டச் சொல்லுங்கள், பொரித்த நாள், இரை எடுத்த தேதிகள், எச்சம் போட்ட தேதிகள் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். உள்ளபடியே வளர்ப்பவரிடம் இவை இருக்கும். இல்லாதவர் மழுப்புவார். உடலைப் பார்க்கும்போது: முதுகெலும்பு கத்திபோலத் துருத்தக் கூடாது, வாயோரம் குமிழோ சளியோ இருக்கக் கூடாது, வாலில் முடிச்சு இருக்கக் கூடாது, கண்ணைச் சுற்றியும் தாடை மடிப்பிலும் கருப்புப் புள்ளிபோல் உண்ணிகள் ஊரக் கூடாது. கிளையில் உடல் இறுகப் பிடித்திருக்க வேண்டும். பகலில் தரையில் கிடக்கும் மரப்பாம்பை விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.

வீட்டில் ஏற்கெனவே பாம்புகள் உண்டு. எத்தனை நாள் தனியே வைக்க வேண்டும்?

90 நாள், வேறு அறையில், வேறு இடுக்கி, வேறு தண்ணீர்க் கிண்ணத்தோடு. முதலில் பழைய பாம்புகளைப் பார்த்துவிட்டு, புதியதைக் கடைசியில் தொடுங்கள். பைத்தானுக்கு, மூச்சுமண்டலத்தைத் தாக்கும் நிடோவைரஸ் பெரிய அச்சுறுத்தல். வாயில் கோழை, திறந்த வாயோடு மூச்சு, ஈறு சிவப்பு என்று வெளிப்படும். அறிகுறியே இல்லாமல் பரப்பும் பாம்புகளும் உண்டு. வாய்த் துடைப்பு மாதிரியை, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு அனுப்பலாம், ஒருமுறை இல்லை என்று வந்தால் சில வாரம் கழித்து மறுபடி அனுப்புங்கள். போவாவுக்கு ரெப்டரீனா வைரஸ் சோதனை. போவாக்களில் தொடர்ந்து கக்குதல், தலை திருகிப் பார்த்தல் போன்றவற்றுக்கு அதுவும் ஒரு காரணம். உண்ணிகள் நோயைக் கடத்தலாம் என்பதால் ஓர் உண்ணி தென்பட்டாலும் 90 நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டையும் ஒரே கூண்டில் வைக்கலாமா? பார்க்க அழகாக இருக்குமே.

வேண்டாம். வெப்பம் ஒத்துவராது, போவாவுக்கும் பைத்தானுக்கும் நோய்கள் வேறு, ஒன்றை மற்றொன்று இரையோடு சேர்த்துப் பிடிக்கும். ஒரே இனத்துப் பாம்புகள் இரண்டையும்கூடச் சேர்த்து வைக்காதீர்கள், இனப்பெருக்கத்துக்கு விடும் சில வாரங்களைத் தவிர.

இனப்பெருக்கம் எதில் எளிது?

இரண்டிலும் எளிதல்ல. பைத்தான் 10 முதல் 25 முட்டை இடும். தாய் முட்டைகளைச் சுற்றிப் படுத்து, தசைகளை நடுக்கி வெப்பம் கொடுக்கும். செயற்கையாக அடைகாத்தால் சுமார் 31 டிகிரியில் ஏழு வாரம். குட்டிகளை முதல் இரை எடுக்க வைப்பதுதான் பெரும் போராட்டம். போவா ஆறு, ஏழு மாதம் சுமந்து குட்டி போடும். ஆகவே அடைகாப்புப் பெட்டி தேவையில்லை, ஆனால் தாய் அத்தனை மாதமும் பெரும்பாலும் சாப்பிடாது. அதன் பிறகு குறைந்தது ஓராண்டு ஓய்வு கொடுங்கள்.

சட்டப்படி வளர்க்கலாமா?

இரண்டு பாம்புகளும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. எல்லை கடந்து வந்த பாம்புக்கு ஏற்றுமதி அனுமதி எண் இருக்க வேண்டும். அதன் நகலை விற்பவரிடமிருந்து வாங்கிவையுங்கள், பாம்பை மற்றவருக்குக் கொடுக்கும்போது அதையும் சேர்த்துக் கொடுங்கள். அதற்கு மேல் உள்நாட்டுச் சட்டம் இடத்துக்கு இடம் மாறும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் வனத்துறையிடமோ அதற்கு இணையான அலுவலகத்திடமோ எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். தாள்கள் இல்லாத பாம்பு பின்னாளில் நோயுற்றால் மருத்துவர் பார்க்கவே தயங்கலாம்.

எத்தனை ஆண்டு வாழும்?

நன்றாகப் பராமரித்தால் இரண்டும் 15 முதல் 20 ஆண்டு. கூண்டு வாங்கும்போதே, நீங்கள் ஊரில் இல்லாதபோது தெளிக்கவும் தெர்மோஸ்டாட்டைப் பார்க்கவும் ஒருவரைத் தயார்செய்துவையுங்கள். இரை கொடுக்க அவரை அழைக்க வேண்டாம். ஊரிலிருந்து நீங்கள் திரும்பும்வரை வளர்ந்த பாம்பு காத்திருக்கும்.